மடியில் வைக்கக் கேட்ட பை

ஹம்சிகாவுக்குப் பஸ்ஸில் போக ஆசை. என் சித்தப்பாவின் மகள், டொரொண்டோவில் பிறந்து வளர்ந்தவள். கொழும்புக்கு வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டியிருந்தது. "கார் வேண்டாம் துஷி அக்கா, சனத்தோட சனமாப் போவம்" என்று பிடிவாதம் பிடித்தாள். பஸ்ஸிலும் நடையிலுமாகப் போனால்தான் ஊர் பிடிபடுமாம். தினமும் வெள்ளவத்தையிலிருந்து அந்தப் பஸ்ஸில் நசுங்குகிற எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சித்தப்பா வேறு ஃபோனில் அவளை நன்றாகப் பயமுறுத்தியிருந்தார். பை கவனம், சங்கிலி கவனம், பக்கத்தில் நிற்கிறவன் கவனம். கொழும்பை விட்டுப் போய் முப்பது வருடமான மனுசனின் கவனங்கள். அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் ஏறினாள். கொண்டக்டர் அவளை முன்னுக்குத் தள்ள, நான் கதவடியில் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் பஸ்ஸில் நிற்பவரின் பையை சீட்டில் இருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்ப்பதில்லை. கை தானாக நீளும். அவளுக்கு இதையும் ஒரு விஷயமாகச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அவள் நின்ற இடத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வயதானவர் மனைவியோடு சீட்டில் இருந்தார். பஸ் ஆடியதில் ஹம்சிகா சரிந்தாள். "தென்ன துவ" என்று அவர் பையின் வாரைப் பிடித்தார். பஸ்ஸில் யாரோடும் பேசுகிற சிங்களம்; 'கொடு மகளே' என்று அர்த்தம். சிங்களம் தெரியாத இவள் வாரை இழுத்தாள். விழப்போகிறாளே என்று அவர் விடவில்லை.

"கள்ளன்! கள்ளன்! என்ர பை!"

"ஹொரா!" என்று அதையே சிங்களத்தில் கத்தினான் எவனோ ஒருவன். அவ்வளவுதான். முதல் குத்து அவர் காதில் விழுந்தது. அடுத்தவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். என்ன ஏது என்று கேட்பார் இல்லை. வேலை, வெயில், நெரிசல் என்று வைத்திருந்த கோபத்தையெல்லாம் ஆளாளுக்கு அந்த மெலிந்த முதுகில் இறக்கினார்கள். பம்பலப்பிட்டியில் பஸ் நின்றதும் அவரை வாசலால் இழுத்து வீதியில் போட்டு மிதித்தார்கள்.

அவர் மனைவி உள்ளிருந்து அலறிக்கொண்டே வந்தாள். "ஐயோ, கண்ணுல அடிக்காதீங்க! போன வாரந்தாங்க ஆப்பரேசன் செஞ்சோம்!" தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கத்தினாள். எவன் காதிலும் ஏறவில்லை.

நான் குதித்தேன். அவர் முகத்துக்கு நேரே முஷ்டியை ஓங்கியவனின் கையைப் பிடித்து, பல் இறங்கும் வரை கடித்தேன். வாயில் இரத்தம் கரித்தது. அவன் என் தலைமுடியைப் பிடித்து உலுக்கினான். "பையை மடியில வைக்கத்தான் கேட்டவர், மாடுகளே!" என்று எனக்குத் தெரிந்த சிங்களத் தூஷணம் அத்தனையும் சேர்த்துக் கத்தினேன்.

கால்கள் நின்றன. ஒருவன் சட்டையைச் சரி செய்தான். ஒருவன் ஃபோனைப் பார்த்தான். பின்னால் அடுத்த பஸ் ஹோர்ன் அடித்தது. எல்லோரும் ஏறிப் போய்விட்டார்கள். ஒரு மன்னிப்புக்கூட இல்லை. அப்போது வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பஸ்ஸைக் கொளுத்தியிருப்பேன்.

மனைவி அவருடைய தலையை மடியில் எடுத்து வைத்தாள். உடைந்த கண்ணாடி இமைக்குள் ஏறியிருந்தது.

"ஏங்க, தெரியுதா? என்னயப் பாருங்க. தெரியுதா?"

"ஒண்ணுந் தெரியல சீனியம்மா."

நான் கை காட்டி ஒரு ஆட்டோவை மறித்தேன். சீனியம்மா நிமிர்ந்தாள். கையில் குடை இருந்தது.

"கள்ளன்னு கத்துன வாய் எது?"

பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்த ஹம்சிகா பையை அணைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றாள். விருந்தாளிப் பிள்ளை, ஊர் தெரியாதது.

"நான்தான் அம்மா. பிழையா விளங்கிட்டன்" என்றேன் நான்.

குடைக்கம்பி என் தோளில் விழுந்தது. பிறகு முதுகில், பிறகு கழுத்தில். சொல்லிச் சொல்லி அடித்தாள். "இருவது வருசம் ரோடு கூட்டி, கடன் வாங்கி எடுத்த கண்ணுடீ!" எனக்கு வலித்தது. அவளுக்கு வலித்ததில் அது எந்த மூலைக்கு?

"நிப்பாட்டுங்கோ!" ஹம்சிகா முன்னால் வந்தாள். "அக்கா இல்லை. நான்தான் கத்தினனான். உங்கட அவர் களவெடுக்க வந்தாரெண்டு நினைச்சிட்டன்."

சீனியம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குடையை இரண்டு கையாலும் ஓங்கினாள்.

ஒரு எட்டு வைத்தால் பிடித்திருக்கலாம். நான் பிடிக்கவில்லை.

அடி கன்னத்தில் விழுந்து உதடு கிழிந்தது. ஹம்சிகா கையைத் தூக்கி மறைக்கவில்லை. ஆட்டோக்காரர் ஏறச் சொல்லிக் கத்தினார். ஹம்சிகா குனிந்து, அந்த மனுசனின் கால்களைத் தூக்கினாள்.