பந்தியில் பதிமூவர்

மலைப்பாதையின் கடைசி வளைவில் கார் திரும்பியதுமே எர்சிலியா வேகத்தைக் குறைத்தாள். அது அவள் பிறந்து வளர்ந்த வீடு. தந்தைவழிச் சொந்தம் அத்தனையும் ஞாயிறுதோறும் கூடி உண்ணும் வீடு. அங்கே போக அவளுக்கு என்ன அச்சம்? அச்சமெல்லாம் அருகில் அமர்ந்திருந்த தோழியை எண்ணித்தான்.

தொரீனா ருமேனியாக்காரி. பல ஆண்டுகளுக்கு முன் வியன்னாவில் எர்சிலியாவோடு இரண்டாண்டுகள் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவள். இத்தாலியைச் சுற்றிப் பார்க்க வந்தவள், கோபுரமும் கேட்கவில்லை, கடற்கரையும் கேட்கவில்லை. “உங்க வீட்டு ஞாயித்துக்கிழமைச் சாப்பாட்டைப் பாக்கணும்டி” என்றாள். ஏன் என்பது எர்சிலியாவுக்குத் தெரியும். தொரீனாவின் தாய் பதினோரு ஆண்டுகள் இத்தாலியின் பொலோஞா நகரில் ஒரு வீட்டு முதியவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்துப் பிழைத்தவள். பெற்ற மகளைத் தொலைபேசியிலேயே வளர்த்தவள். ஞாயிறுதோறும் மகளிடம், “எல்லாரோடயும் உக்காந்துதான் சாப்பிட்டேன்” என்பாள். அது மெய்யா, மகள் மனம் நோகக்கூடாதென்று சொன்ன பொய்யா? தாய் இறந்து ஓராண்டாகிறது. இனிக் கேட்பதற்கு ஆளில்லை.

அப்போது எர்சிலியா வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். தொழிற்சங்க மேடைகளில் வீட்டுப் பணியாளர் உரிமைக்காக முழங்கிப் பழகிய வாய் மூடுமா? “வந்து பாரு! எங்க தாத்தாவைப் பாத்துக்கிற வியோரிகாவும் உங்க நாட்டுக்காரிதான். ஆறு வருஷமா எங்க மேசையிலதான் சாப்பிடுறா. குடும்பத்துல ஒருத்தி” என்று மார்தட்டிவிட்டாள். அந்தச் சொல்லுக்கு இன்று சோதனை. சொல் பொய்த்தால் அவள் தோழியை இழப்பாள். தோழியோ தன் தாயின் பதினோரு ஆண்டு ஞாயிறுகளையே இழப்பாள்.

வாசலிலேயே செசிரா அத்தை பிடித்துக்கொண்டாள். அப்பாவின் அக்கா, அந்த வீட்டுக்குச் சட்டமும் அவளே, தீர்ப்பும் அவளே.

“வாம்மா வா! என்னடி எர்சிலியா, உன் கூட்டாளி குச்சி மாதிரி இருக்கா? வியன்னாவுல அடுப்பே பத்தவைக்க மாட்டாங்களா?”

“அவ இப்ப இருக்கிறது ருமேனியாவுல அத்தை.”

“எங்க இருந்தா என்ன, வயிறு ஒண்ணுதானே!”

ரெமோ சித்தப்பா கையில் ஒயின் குப்பியோடு எழுந்து வந்தார். “பயப்படாதம்மா. எங்க அக்கா கையால சாப்பிட்டவங்க யாரும் செத்ததில்ல. எந்திரிக்க முடியாமப் போயிருக்காங்க, அவ்வளவுதான்.”

தொரீனா சிரித்தாள். எர்சிலியாவுக்குப் பாதி உயிர் திரும்பியது. மேசைத் தலைப்பில் சக்கர நாற்காலியில் தாத்தா சவேரியோ, எண்பத்தொன்பது வயதுக் குழந்தை. பக்கத்தில் வியோரிகா. சமையலறையிலிருந்து தன் காலித் தட்டையும் தாத்தாவின் சூப்புக் கிண்ணத்தையும் தானே கொண்டுவந்து வைத்து, தாத்தாவின் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு அமர்ந்தாள். ‘பார்த்தாயா?’ என்று எர்சிலியா தோழியைக் கண்ணால் கேட்டாள். தொரீனா மெல்லத் தலையசைத்தாள்.

அந்த நிம்மதிக்கு ஆயுள் அரை நிமிடம். ஆவி பறக்கும் பாஸ்தாச் சட்டியோடு வந்த அத்தை, பாதி வழியில் நின்றாள். பார்வை மேசையைச் சுற்றி ஓடியது. உதடுகள் ஓசையின்றி அசைந்தன.

“பதிமூணு!”

சித்தப்பாவின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்ச் சாவிக்கொத்தைப் பற்றிக்கொண்டது. கெட்டதைக் கேட்டால் இரும்பைத் தொட வேண்டுமல்லவா? ஒரே மேசையில் பதிமூவர் அமர்ந்தால், அவர்களில் மூத்தவர் ஆண்டு திரும்புமுன் போய்விடுவார். அந்த மலையில் பால்குடி மறவாத பிள்ளைக்கும் இது தெரியும். இங்கே மூத்தவர் யார்? அத்தையின் பார்வை தாத்தாவிடம் போய் நின்றது. அவள் அப்பன்மேல் உயிரையே வைத்திருந்தவள்.

“யாராச்சும் ஒருத்தர் அடுப்படியில உக்காருங்க. சீக்கிரம்!”

தொரீனாவின் முகம் சிவந்தது. “நான்தானே பதிமூணாவதா வந்தவ. நான் போறேன்.”

“விருந்தாளியை அடுப்படிக்கு அனுப்பிட்டு நான் ஊர்ல எப்படித் தலைநிமிந்து நடக்கிறது? டேய் ரெமோ, நீ போடா.”

“போறேன்க்கா. ஆனா இந்தக் குப்பியும் என்கூடத்தான் வரும்.”

மூடத்தனத்தின் முழு அரங்கேற்றம், அதுவும் தோழியின் முன்னிலையில்! ஆனால் தொரீனா எழுந்து நின்றபடி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மன்னிச்சுக்கோங்கம்மா. எனக்குப் பதினாலு வருது.”

“எனக்கு எண்ணத் தெரியாதாம்மா? இந்தா, நீயே பாரு!” அத்தை பெயர் சொல்லியே எண்ணினாள். பதிமூன்று. சித்தப்பா சாவியால் சுட்டி எண்ணினார். பதிமூன்று.

“எர்சிலியா, படிச்சவளே, நீ சொல்லுடி!”

எர்சிலியா விரல் நீட்டினாள். அப்பா, அம்மா, அத்தை, எதிர்ப்பக்கம் அத்தை மக்கள் ஆறு பேர், தலைப்பில் தாத்தா. அங்கிருந்து விரல் ஒரே தாவலில் சித்தப்பாவிடம் போய் இறங்கியது. கடைசியில் தோழி, பிறகு தான்.

“பதிமூணுதான், தொரீனா.”

தொரீனாவின் முகத்திலிருந்த சிவப்பு வடிந்தது. அவள் எர்சிலியாவைப் பார்க்கவில்லை. தாத்தாவின் வாயருகே ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஒரு கரண்டியைப் பார்த்தாள். அந்தக் கரண்டியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையின் வழியே போன எர்சிலியா வியோரிகாவைக் கண்டாள். ஆயிரம் பேர் கூடிய திடலில் குழறாத நாக்கு, பதினாலு பேர் இருந்த அறையில் குழறியது.

“அத்தை… நாம வியோரிகாவை எண்ணல.”

“அவளை எதுக்குடி…” என்று தொடங்கிய அத்தை நின்றாள். சட்டி மேசைமேல் இறங்கியது. “அவ நம்ம வீட்டுப் பொண்ணுடி. அவளைப் போய் யாராவது…”

சித்தப்பாதான் மெல்லக் கேட்டார்: “அப்போ போன வாரம்? அதுக்கு முந்தின வாரம்? நாம பன்னெண்டு… அவ ஒண்ணு…”

ஆறு ஆண்டுகள்! முந்நூறு ஞாயிறுகள்! முந்நூறு முறையும் அந்த வீட்டில் பதிமூவர் அமர்ந்திருக்கிறார்கள்; முந்நூறு முறையும் சாவு வரவில்லை. ஊட்டிய கையும் கண்ணில் படவில்லை. நம்பிக்கை மெய்யானால் பெரியவர் என்றோ மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். அவரோ, “சீஸ் எங்க? சீஸ் போடு!” என்று தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வியோரிகா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். “சிஞோரா, நான் உள்ள போய்ச் சாப்பிட்டுக்கறேன்.”

“எந்திரிக்காத!” என்று அத்தை அலறினாள். “நீ எந்திரிச்சா பதிமூணாயிடும்!”

அந்த வீட்டில் அவள் எண்ணிக்கைக்குள் வந்தது இப்படித்தான். இரண்டு இளசுகள் சிரித்துவிட்டார்கள். தொரீனா சிரிக்கவில்லை. தன் தட்டை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தாள். வெளியே போகிறாளோ என்று எர்சிலியா திரும்பிப் பார்த்தாள். அவள் வியோரிகாவின் அருகில் போய்த் தங்கள் மொழியில் ஏதோ கேட்டாள். பதில் ஒற்றைச் சொல்லாக வந்தது. தொரீனா நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு அங்கேயே அமர்ந்தாள்.

“என்ன கேட்ட?” என்றாள் எர்சிலியா.

“இத்தனை வருஷமா எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடுறீங்களான்னு கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“உக்காருவேன்னு மட்டும் சொன்னா.” தொரீனா துணியை மடியில் விரித்துக்கொண்டாள். “எங்கம்மா பொய் சொல்லல.”

அத்தை கரண்டியை எடுத்தாள். முதலில் வியோரிகாவிடம் போனாள். “உனக்கு எவ்வளவு போடட்டும்?” என்று கேட்டாள், ஆறு ஆண்டுகளில் அந்த அளவு அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. வியோரிகா, “கொஞ்சம் போதும்” என்றாள். தட்டுகள் நிறைந்தன.

அத்தைமேல் பழியைப் போட்டுவிட்டு எர்சிலியா தப்பியிருக்கலாம். மேடையில் எத்தனையோ பேர்மேல் போட்டவள்தான். அவள் எழுந்து நின்றாள்.

“தொரீனா, நானும்தான் அவளை எண்ணல.”

“பாத்தேன்” என்றாள் தொரீனா, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.