ஆடும் மேடையில் ஆடாத ஸ்டாண்டு

கீபோர்டு வாசிக்கும்போது உகுர்த்தாவின் இடது முழங்கால் எப்போதும் ஸ்டாண்டுக்கு முட்டுக் கொடுத்தபடிதான் இருக்கும். பெருக்கல் குறி போலக் குறுக்காக விரியும் கால்கள் அந்த ஸ்டாண்டுக்கு. எங்கள் காபான்ஜாஹே ஊர்ப் பக்கம் கல்யாண மேடைகள் எல்லாம் பலகை மேடைகள்தான். சொந்தபந்தம் மொத்தமும் ஏறி ஆடும்போது, முட்டுக் கொடுக்காவிட்டால் கீபோர்டு ஊஞ்சல் மாதிரி போய்வரும். குழலும் கொட்டும் அந்த ஒற்றைப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அது விழுந்தால் கல்யாணமே ஊமையாகிவிடும். அதனால் அவன் குனிந்த தலை நிமிர்வதே இல்லை.

பாடுகிறவள் என் தங்கை மாலெம். உகுர்த்தாவுக்கு மாமன் மகள், அவனையே கட்டிக்கொண்டாள். நான் அவர்களுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவன்.

ஒருமுறை ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன்கள் வரிசையாக நின்று மணமக்களை வாழ்த்தி மெதுவாக ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் பருத்த மாமன் ஒருவர் கால் இடறிக் கீபோர்டைப் பிடித்துக்கொண்டார். ஸ்டாண்டு சாய்ந்தது. உகுர்த்தா பாய்ந்து கீபோர்டைக் கட்டிப் பிடித்தான். அவன் தாடை ஏதோ ஒரு பொத்தானில் பட்டு, நிதானமான தாளம் குத்துத் தாளமாக மாறிவிட்டது. தாய்மாமன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, இதுதான் இப்போதைய வழக்கம் போலிருக்கிறது என்று குதித்துக் குதித்து ஆடத் தொடங்கினார்கள். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. உகுர்த்தாவுக்கு மட்டும் முகம் செத்துப்போயிற்று.

மறுநாளே மாலெம் எங்கள் இருவரையும் வேனில் ஏற்றி மேடான் நகரத்துக்குக் கூட்டிப் போனாள்.

இசைக்கருவிக் கடையில் உகுர்த்தாவின் கண் முதலில் போனது ஒற்றைத் தூண் ஸ்டாண்டின் மேல். பார்க்க அழகு, பைக்கில் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். கடைக்காரரும் அதையே புகழ்ந்தார். மாலெம் அசரவில்லை.

"கடைக்குள்ள எல்லா ஸ்டாண்டும் நல்லாத்தாங்க நிக்கும். நான் பக்கத்துல ஆடும்போது நிக்குதான்னு பாக்கணும்."

கடைக்காரர் ஒரு பழைய கீபோர்டை எடுத்து அதன்மேல் வைத்தார். நான் தரையைப் பார்த்தேன். வழவழவென்று சிமெண்டுத் தரை.

"மச்சான், இது நம்ம மேடை இல்ல. பலகை வேணும்" என்றேன்.

பின்கட்டில் சரக்கு இறக்கும் மரப்பலகைகள் கிடந்தன. கடைக்காரர் முனகிக்கொண்டே கொண்டுவந்து போட்டார். உகுர்த்தா வாசிக்க, மாலெம் பக்கத்தில் ஏறி ஆடினாள். இரண்டாவது சுற்றிலேயே தூண் முன்னால் தலையாட்டியது. கடைக்காரர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

அடுத்து, பெருக்கல் குறி ஸ்டாண்டிலேயே இரட்டைக் கம்பி வைத்தது. தாழ்வாக இருந்தபோது திடமாகத்தான் நின்றது. உகுர்த்தா நின்று வாசிக்கும் உயரத்துக்கு ஏற்றியதும் கீழே கால்கள் நெருங்கிவந்துவிட்டன. மாலெம் இடுப்பால் ஒரு தட்டுத் தட்டினாள். பழையபடி ஊஞ்சல்.

கடைசியாக மூலையில் ஒரு மேசை ஸ்டாண்டு. நான்கு காலும் நான்கு பக்கம் அகன்று நின்றன. ஒவ்வொரு பாதத்திலும் ஒரு திருகு இருந்தது. பலகையில் ஒரு கால் அந்தரத்தில் நின்றது. உகுர்த்தா திருகை இறக்கி ஊன்றினான். மாலெம் ஆடினாள். கடைக்கு வந்திருந்தவர்களும் ஏறி ஆடினார்கள். கடைசியில் கடைக்காரரே கை வைத்து உலுக்கிப் பார்த்தார். கீபோர்டு அசையவில்லை.

உகுர்த்தா ஒரு பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தான். "இந்தக் கனத்த யாரு சுமக்குறது?"

"அண்ணன் எதுக்கு இருக்கான், அத்தான்?" என்றாள் என் தங்கை.

வேன் கூரையில் அதை ஏற்றியது நான்தான்.

அந்த வாரமே பக்கத்து ஊரில் வருஷத் திருவிழா. நல்ல வெயில் நேரம். மண்டபத்தில் இளவட்டங்கள் வரிசை கட்டி நின்றார்கள். தாளம் ஏறியதும் மேடைப் பலகை குலுங்கியது. உகுர்த்தா பழக்கத்தில் முழங்காலை நீட்டினான். அங்கே முட்டுக் கொடுக்க ஒன்றுமில்லை. காலை ஊன்றி நின்றான். கீபோர்டு சிலை மாதிரி இருந்தது. மெல்லத் தலையை நிமிர்த்தினான்.

எதிரே மாலெம் ஆடிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு மடங்கி விரிய, முழங்கால் இலேசாகத் தாழ்ந்து எழ, தோள் மட்டும் அசையாத ஆட்டம். கல்யாணமானதிலிருந்து அவன் வாசிப்புக்குத்தான் அவள் ஆடுகிறாள். கடையில்கூட அவன் கண் ஸ்டாண்டின் மேல்தான் இருந்தது. அன்றைக்குத்தான் அவள் ஆட்டத்தைப் பார்க்கிறான். கைகள் தாமாக வாசித்துக்கொண்டிருந்தன. வாய் திறந்தே இருந்தது.

அவள் திரும்பினாள், அவன் பார்ப்பதைப் பார்த்தாள். பாட்டின் அடி மறந்துபோயிற்று. அடி மறந்தால் புதிதாகக் கட்டிப் பாடுவது எங்கள் பாடகிகளுக்குக் கைவந்த கலை. மைக்கை உயர்த்தி அதே மெட்டில் இழுத்தாள்.

"பொட்டிக்காரா பொட்டிக்காரா, பொண்ணப் புதுசாப் பாக்குறியா? கட்டிக்கிட்டு வந்தவ நான், கண்ணு இப்பத்தான் தெறந்துச்சா?"

மண்டபம் அதிர்ந்தது. பெரியவர்கள்கூட விசில் அடித்தார்கள். உகுர்த்தா வெட்கப்பட்டாலும் கண்ணை எடுக்கவில்லை. அவள் கால் விழும் இடத்துக்கே தாளத்தைக் கொண்டுபோனான். அவள் நின்றால் நிறுத்தினான், சுழன்றால் குழலைச் சுழற்றினான். அப்படி அவன் வாசித்து நான் கேட்டதில்லை.

பாட்டு முடியப் போகிறது என்று தெரிந்ததும் அத்தைமார்கள் சேலையைச் செருகிக்கொண்டு மேடையேறினார்கள். இன்னொரு பாட்டு, அதற்குப் பிறகும் இன்னொன்று. வெளியே பன்றி வறுவலும் சோறும் ஆறிக்கொண்டிருந்தன. பரிமாறுகிறவர்களும் கரண்டியைப் போட்டுவிட்டு ஆட வந்துவிட்டார்கள்.