காதில்லாத தெருவின் மாதக் கூட்டம்

காவல் நிலையம் குடியிருப்போரோடு கைகோத்து மாதக் கூட்டம் நடத்தத் தொடங்கிய வருடத்தில்தான் அந்தத் தெருக்காரர்களின் காதுகளைத் தோல் மூட ஆரம்பித்தது. அதற்காக யாரும் மருத்துவரிடம் போகவில்லை. பக்கத்து வீட்டான் வண்டியை வாசலை மறித்து நிறுத்துகிறான், மாடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, நாய் குரைக்கிறது என்றெல்லாம் புகார் சொல்ல வாய் ஒன்றே போதுமானதாக இருந்தது.

கூட்டம் குடியிருப்போர் சங்கத் தலைவர் வீட்டுக் கூடத்தில் நடந்தது. நாற்காலியும் மின்விசிறியும் அங்கேதான் இருந்தன என்பதால், தெருவுக்குப் பொறுப்பான ஏட்டம்மாவும் சரியென்று தலையாட்டியிருந்தாள். தேநீர்த் தட்டை நீட்டிய தலைவரின் மருமகள் கையில் பழைய சூட்டுத் தழும்பின்மேல் புதுச் சூடு இருந்ததைப் பார்த்த பிறகுதான் ஏட்டம்மாவுக்குத் தன் மடத்தனம் உறைத்தது. தெருவில் உண்மையாகவே புகார் சொல்ல வேண்டிய ஒருத்தி, புகார் கேட்க வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“கையில என்னம்மா?”

“இஸ்திரிப் பெட்டி பட்டுடுச்சு. என் பையன் எவ்வளவு சொன்னாலும் அவளுக்குக் கவனம் பத்தாது” என்று தலைவர் முந்திக்கொண்டார்.

இந்த வீட்டில் அலறல் கேட்டதுண்டா என்று ஏட்டம்மா மற்றவர்களைக் கேட்டாள். ஆறிய பாலில் ஆடை படர்வதுபோல மருந்துக்கடைக்காரர் காதிலும், சுவரை ஒட்டிய வீட்டு அம்மாள் காதிலும், ஓய்வுபெற்ற வாத்தியார் காதிலும் தோல் படர்ந்தது. பிறகு எல்லோரும் நாய் விஷயத்துக்குத் திரும்பினார்கள். ஏட்டம்மா வெளியே வந்து, குடித்த தேநீரைச் சாக்கடையில் வாந்தியெடுத்தாள்.

கூட்டத்தை வேறு இடத்துக்கு மாற்றலாமென்று ஆய்வாளரிடம் சொல்லிப் பார்த்தாள். அவருக்குக் காது மூடி வெகுகாலம் ஆகியிருந்தது; உதட்டைப் பார்த்துத் தேவையானதை மட்டும் புரிந்துகொள்வார்.

“தலைவர் இல்லன்னா கூட்டமே இல்ல. கெடுத்துடாதீங்க. உங்கள வேற ஸ்டேஷனுக்குத் தூரமா மாத்திட்டா நீங்கதான் கஷ்டப்படுவீங்க.”

ஏட்டம்மாவின் வீடு நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். கூட்டம் தலைவர் வீட்டிலேயே தொடர்ந்தது. அடுத்த கூட்டத்தில் தேநீர் குமட்டியது. அதற்கடுத்ததில் சர்க்கரை கூடுதலாகக் கேட்டு வாங்கினாள். குடும்பத் தகராறே இல்லாத தெரு என்று இரண்டு வருடம் தொடர்ந்து கேடயம் கிடைத்தது.

அதற்கடுத்த வருடம், ஒரு மத்தியானத்தில், மருமகள் செருப்பில்லாமல் ஓடிவந்து ஏட்டம்மாவின் மேசைமுன் நின்றாள். வெடித்த உதடு விடாமல் அசைந்தது. சத்தம் ஏதும் வரவில்லை. ஏட்டம்மா தன் காதைத் தடவிப் பார்த்தாள். உள்ளங்கைபோல வழவழவென்று இருந்தது. அவளுக்கு ஆச்சரியமாக இல்லை.

“உக்காரும்மா. மாமாவுக்குச் சொல்லி அனுப்பறேன், வந்து கூட்டிட்டுப் போவார்.”

தலைவர் வரும்வரை குடிக்கட்டும் என்று, சர்க்கரை தூக்கலாக ஒரு தேநீர் வாங்கி வரச் சொன்னாள்.