பூதக்கண்ணாடியின் கடைசிக் கேள்வி

"தலைய ஆட்டாத. காது போயிடும்," என்றார் சலூன்காரர்.

"போனா போகட்டும். இனிமே அத வச்சுக்கிட்டு என்ன கேக்கப் போறேன்," என்றாள் மனைவி.

இதயம் களைத்துவிட்டது, இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பிப் பத்து நாளாகியிருந்தது. காலையில் கண் விழித்ததும் அவள் மருந்து கேட்கவில்லை. பின்னங்கழுத்தில் முடி குத்துகிறது, வெட்டிவிடுங்கள் என்றாள். பரட்டைத் தலையோடு தன்னை ஆட்கள் பார்க்கக் கூடாதாம்.

"இன்னைக்கு யாரு வர்றா?"

"நான் இன்னைக்கு வர்றவங்களச் சொல்லல."

கத்தரி நின்றது. அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பத்தோரு வருடமாக இதுதான் தொல்லை. அவள் சிரித்தால் அவரால் சும்மா இருக்க முடியாது.

ஊருக்கு அவள் 'பூதக்கண்ணாடி'. அணுமின் நிலையங்களைக் கண்காணிக்கும் ஆணையத்தில் இன்ஸ்பெக்டராக இருந்தவள். இந்த ஊர் நிலையத்தின் உலைக்கலம் அவள் பொறுப்பு. மூன்று மாடி உயர எஃகுப் பானை அது. அதற்குள்தான் அணு பிளந்து சூடு பிறக்கிறது. நிலையத்தில் வேறு எது கெட்டாலும் மாற்றிவிடலாம், அந்தப் பானையை மாற்ற முடியாது. வருடம் போகப் போக அந்த எஃகு இறுகி, எளிதில் விரிசல் விடும் குணத்துக்கு வரும். அதனால் கர்ப்பிணியை ஸ்கேன் செய்வது போல அதன் வெல்டுகளை, அதாவது எஃகைப் பற்றவைத்த இணைப்புகளை, ஸ்கேன் செய்து எண்களை எழுதி வைப்பார்கள். அந்த எண்களை வரிவரியாகப் படிப்பதுதான் அவள் வேலை. பட்டாணி உரிக்கிறவள் போல நிதானமாகப் படிப்பாள்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அப்படிப் படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். ஒரு வெல்டின் எண்கள், அதற்கு முந்தைய சோதனையின் எண்களோடு கடைசிப் புள்ளிவரை ஒன்றாக இருந்தன. "இரட்டைப் பிள்ளைங்களுக்குக்கூட மச்சம் மாறும்," என்று சொல்லி, மறுபடி ஸ்கேன் செய்யாமல் உலையை ஓட்டக் கூடாது என்று எழுதிவிட்டாள். நிலையம் ஏழு வாரம் நின்றது. ஊரே அங்கேதான் வேலை பார்த்தது. கோபத்தை அவளிடம் காட்ட முடியாமல் அவள் புருஷன் கடையில் காட்டினார்கள். ஒருத்தரும் முடிவெட்ட வரவில்லை. ஐந்தாவது வாரம் தெருவில் நடந்தவர்களைப் பார்த்தால் மொத்த ஊரும் துறவறம் போகக் கிளம்பியதைப் போல இருந்தது.

கடைசியில் ஸ்கேன் செய்தார்கள். வெல்டில் ஒரு குறையும் இல்லை. ஊர் கைகொட்டிச் சிரித்தது. அவள் அன்று மாலை இரண்டு கிலோ இனிப்போடு வீட்டுக்கு வந்தாள். "எதுக்குடி இது? ஒண்ணுமே இல்லன்னு வந்திருக்கே," என்றார். "அதுக்குத்தாங்க," என்றாள்.

மறுநாள் கடைக்கு வந்த முதல் ஆள் நிலைய இயக்குநர். எதற்கெடுத்தாலும் கொதிப்பதால் அவருக்கு 'நீராவி' என்று பெயர். "வெட்டுங்க மாஸ்டர்," என்று உட்கார்ந்தார். அதன்பின் மாதம் தவறாமல் வந்தார். ஓய்வு பெற்று, தலையில் வெட்ட ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகும் வந்தார். ஏதோ சொல்ல வாயெடுப்பார், மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்.

அவளுக்கு முடி வெட்டிய அன்று காலை பத்து மணிக்கு அவர் கைத்தடியோடு வீட்டு வாசலில் நின்றார்.

"வாங்க சார், உக்காருங்க," என்றாள் அவள். "இன்னும் கொதிக்கிறீங்களா, ஆறிட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "மேடம், அந்த நம்பர் விஷயம். கைத்தவறுன்னு எழுதிக் குடுத்தோமே. அது கைத்தவறு இல்ல. ஸ்கேன் பண்ற மெஷினோட கை அந்த இடத்துல சிக்கிக்கிச்சு. நாள் ஆகுதுன்னு பழைய நம்பரப் பார்த்து எழுதச் சொன்னேன். நான்தான் சொன்னேன்."

சலூன்காரர் மனைவியைப் பார்த்தார். கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இதச் சொல்லவா பதினாலு வருஷம் மொட்டத் தலைக்கு முடிவெட்ட வந்தீங்க?"

நீராவியின் முகம் முதலில் சிவந்தது. பிறகு அவரும் வெடித்துச் சிரித்தார். அடுக்களையிலிருந்த மகள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

சிரிப்பு அடங்கி மூச்சு வாங்கியபின் அவள் கேட்டாள்: "வேற எங்கயாவது அப்படி எழுதினீங்களா?"

குரல் மெலிந்துதான் இருந்தது. ஆனால் அது அலுவலகத்துக் குரல் என்று சலூன்காரருக்குத் தெரிந்தது. நீராவி கைத்தடியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"ஒரு இடம். அடிப்பக்கத்து வெல்டுல, ஒரு சாண் நீளம். அங்க மட்டும் பழைய நம்பரக் கொஞ்சம் மாத்தி எழுதச் சொன்னேன்."

"அது மெஷினுக்கு எட்டாத இடம்னு, பழைய பதிவ நம்பித்தானே இன்னைக்கு வரைக்கும் விட்டிருக்காங்க?"

"ஆமா."

"உலை ஓடிக்கிட்டிருக்கு."

"ஆமா மேடம்."

"எழுதிக் குடுங்க."

"இந்த வயசுலயா? என் பேரு என்ன ஆகும்? பசங்க, பேரப்பசங்க எல்லாரும் இதே ஊர்லதான்..."

"உங்க பேரு நீராவி. அதுக்கு மேல என்ன ஆகிடப் போகுது?" என்றாள். பிறகு மெல்ல, "சார், உங்க பேரப்பசங்க இதே ஊர்லதான இருக்காங்க," என்றாள்.

 சமையலறையில் குக்கர் இரண்டு முறை கூவியது. பிறகு நீராவி எழுந்து சாப்பாட்டு மேஜைக்குப் போய் மகளிடம் காகிதம் கேட்டார்.

எழுதி வந்ததை அவள் கண்ணாடி போட்டுப் படித்தாள். "'எழுதப்பட்டது'ன்னு போட்டிருக்கீங்க. யாரால எழுதப்பட்டது? 'எழுதச் சொன்னேன்'னு போடுங்க." திரும்பப் போய் எழுதினார். இரண்டாவது பிரதியைப் படித்துவிட்டு, மடித்துப் புருஷனின் சட்டைப்பையில் அவளே வைத்தாள். "ஆணையத்துலேர்ந்து எப்படியும் ஆளுங்க வருவாங்க. அவங்க கையில குடுத்துடுங்க," என்றாள். நீராவி படியிறங்கும்போது கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். சலூன்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை ஒருவன் கல்யாணத்துக்கு முதல்நாள் ஒரு பக்க மீசையோடு கடைக்குள் ஓடிவந்த கதை. பாதியில் அவள் சிரித்தாள். விரல்கள் ஒருமுறை இறுகித் தளர்ந்தன. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எதையும் பாதியில் விடுவது அவளுக்குப் பிடிக்காது. கதையைக் கடைசிவரை சொல்லி முடித்துவிட்டுத்தான் மகளைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை கூடம் நிறைந்துவிட்டது. அழுகையோடு வந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் அந்த ஏழு வாரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். கண்ணாடி முன்னால் தானே முடி வெட்டிக்கொண்டு தொப்பியோடு திரிந்ததை வெல்டர் ஒருவர் சொன்னார். சிரிப்பை அடக்க முடியாமல் மகள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். சலூன்காரர் யாரையும் தடுக்கவில்லை. நடுவில் படுத்திருந்தவள் கழுத்து சுத்தமாக, அழகாக இருந்தாள்.

நீராவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. "மாஸ்டர், அந்தக் காகிதம்..."

சலூன்காரரின் கை தானாகச் சட்டைப்பையை மூடிக்கொண்டது. திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? அவளோ எழுந்து வந்து வாதாடப் போவதில்லை.

"சொல்லுங்க சார்."

"அதுல தேதி போட்டேனா?"

சலூன்காரர் பெருமூச்சு விட்டார். எடுத்துப் பிரித்துக் காட்டினார். தேதி இருந்தது.

பதினொரு மணிக்கு ஆணையத்தின் தலைமை இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய, உயரமான பெண். பூச்செண்டை வைத்து வணங்கிவிட்டு, "எனக்கு அக்கா மாதிரி சார்," என்று ஏதோ சொல்ல வந்தவரிடம் சலூன்காரர் காகிதத்தை நீட்டினார். செருப்புகள் குவிந்து கிடந்த வாசற்படியில் நின்றபடியே அவர் படித்தார். மறுபடி படித்தார்.

"அடுத்த மாசம் உலைய நிறுத்திப் பாக்குற ஷட்டவுன் வருது. இப்ப இருக்கிற மெஷினுக்கு அந்த இடம் எட்டும்," என்று தனக்குள் போலச் சொன்னார். பிறகு நிமிர்ந்து, "இத எழுதினவரு எங்க?"

"நான்தாம்மா," என்றார் நீராவி.

"சரியா எந்த இடம்னு காட்ட முடியுமா?"

வாசலில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள். தலைமை இன்ஸ்பெக்டர் பேனாவை நீட்ட, நீராவி காகிதத்தின் பின்பக்கம் உலைக்கலத்தின் அடிப்பகுதியை வரைய ஆரம்பித்தார். அவர் போட்ட வட்டம் முட்டையாகிவிட்டது. "பரவால்ல சார், வரைங்க," என்றார் அந்தப் பெண். இரண்டு தலைகளும் காகிதத்தின் மேல் கவிழ்ந்தன.

சலூன்காரர் உள்ளே போய் இரண்டு கோப்பைத் தேநீர் கொண்டுவந்தார். இருவரும் கவனிக்கவில்லை. காற்று அடித்தது. காகிதத்தின் ஓரம் எழும்பிப் படபடத்தது. அவர் குனிந்து ஒரு கோப்பையை அதன் மூலையில் வைத்துவிட்டு, வரைகிற கோட்டின் மேல் நிழல் விழாதபடி சற்று விலகி நின்றார்.