இடது மூலை பாட்டில்

ஃபிரிட்ஜ் கதவில் பெயிண்ட் வெந்து கிடந்தது.

நேற்று சாயங்காலம் புயல் தன் கையால் வெள்ளையடித்து, காயட்டும் என்று கார் ஷெட்டுக்குள் சாய்த்து வைத்த கதவு. நடுவில் சூடு பட்ட தோல் மாதிரி ஒரு கொப்புளம். விரலை வைத்தான். பெயிண்ட் சுருண்டு உரிந்து வந்தது.

காலையில் இதே இடத்தில்தான் ஒரு சொட்டு சிந்தியது. ஸ்டீயரிங் ஆயில்தானே, அப்புறம் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான்.

ஸ்டீயரிங் ஆயில் பெயிண்டைத் தின்னாது. பிரேக் ஆயில்தான் தின்னும்.



புயல் என்பது வீட்டில் வைத்த பெயர். எதையும் அரைகுறையாகக் கேட்டுவிட்டு ஓடுகிறவன். ஃபிரிட்ஜ் ரிப்பேர் தொழில். மாடியில் அவன், கீழே அக்கா, மாமா, அவர்களின் ஐந்து வயது மகள். கார் மாமாவுடையது. அது நிற்கும் ஷெட் மட்டும் இரண்டு குடித்தனத்துக்கும் பொது. மாமாவும் அவனும் பேசிக்கொள்வதில்லை. அக்கா வீட்டு ஃபிரிட்ஜை இவன் பழுது பார்க்க, அது அன்றைக்கே அடியோடு செத்துப்போக, விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் மாமா சொன்னார்: "இவன் தொட்டா துலங்கும்னு நம்பி நாம மோசம் போனோம்." எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு சரி.

நேற்று மாமா காரை ஷெட்டுக்குள் திருப்பும்போது ஸ்டீயரிங் முனகியதை மாடியிலிருந்தே கேட்டான். இன்று விடிந்ததும் மலைப்பாதையில் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள் என்று அக்கா சொல்லியிருந்தாள். மனசு கேட்கவில்லை. அவர்கள் எழுவதற்குள் இறங்கி வந்து பானட்டைத் திறந்தான். ஸ்டீயரிங் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. அவசரக்காரன் இன்றைக்கு நிதானமாகத்தான் இருந்தான். இந்த வண்டிக்குச் சிவப்பு ஆயில் ஆகாது, வெளிர் மஞ்சள்தான் என்று மூடியில் இருந்ததைப் படித்தான். மூடியைச் சுற்றித் துடைத்தான். மேல்கோட்டைத் தாண்டாமல் ஊற்றினான்.

பாட்டிலை மட்டும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? பெரிய கேனில் வாங்கி, ஒரே மாதிரி வெள்ளை பாட்டில்களில் ஊற்றி வைப்பதுதான் அந்த ஷெட்டின் வழக்கம். இடமே லேபிள். அலமாரியில் இடது மூலை ஸ்டீயரிங், வலது மூலை பிரேக். பிரேக் ஆயிலும் அதே வெளிர் மஞ்சள்தான். மாமாவும் அவனும் சேர்ந்து போட்ட சட்டம்.

இப்போது அலமாரியை அண்ணாந்து பார்த்தான். நடுவே சாக்பீஸ் கோடு. சண்டைக்குப் பிறகு மாமா கிழித்தது. வலப்பக்கம் மாமாவுக்கு, இடப்பக்கம் இவனுக்கு. அப்போதே ஸ்டீயரிங் ஆயில் வலப்பக்கம் குடிபோயிருக்கிறது. இவன் ஸ்கூட்டருக்கு வேண்டிய பிரேக் ஆயிலை இவன் பக்கம் நகர்த்தியிருக்கிறார். இடது மூலைக்கே.

நியாயமாகத்தான் பிரித்திருந்தார்.

பழைய வண்டி, பழைய ரப்பர் சீல்கள். பிரேக் ஆயில் பட்டால் ஊறி, உப்பி, பிதுங்கும். சமதரையில் தெரியாது. கொண்டை ஊசி வளைவில் முழுக்கத் திருப்பும்போது...

அக்காவுக்குப் போன் அடித்தான். துண்டிக்கப்பட்டது. மறுபடி அடித்தான். மறுபடி துண்டிப்பு. அக்காவின் போன் முன்கண்ணாடிக்குக் கீழே, வழி பார்க்க மாட்டியிருக்கும். பேர் தெரிந்ததும் கட் பண்ணுவது யார் என்று சொல்லவா வேண்டும்?

மூன்றாவது தடவை எடுத்தார்.

"உங்க அக்கா தூங்குறா. அப்புறம் பேசு."

மாதக்கணக்கில் கேட்காத குரல். "மாமா..." என்றான். நான் தொட்டேன், கெட்டுப்போச்சு. இதை எந்த வாயால் சொல்வது?

அந்த ஒரு மூச்சு நேரம் போதுமாக இருந்தது. லைன் போய்விட்டது. திரும்ப அடித்தபோது, தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்கள் என்றது பெண்குரல்.

மலை ஏற ஆரம்பித்துவிட்டார்கள்.

செய்தி அனுப்பினான். போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. வலது மூலை பாட்டிலையும், ஆயில் உறிஞ்சும் பெரிய ஊசியையும் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரை முறுக்கினான்.

ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச் சுவரைத்தான் முதலில் பார்த்தான். முழுசு. அடுத்ததும் முழுசு. எதிரே வந்த லாரிக்காரன் "சாவுறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?" என்று கத்தியது எங்கோ கேட்டது.

இன்னொரு வளைவிலும் சுவர் முழுசாக இருந்தது. எதிர்ப்பக்கம், பாறையோடு ஒட்டி, கார். முன்மூலை நசுங்கியிருந்தது. அடியில் ஆயில் கோடாக வழிந்துகொண்டிருந்தது.

மைல்கல் மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. அதன் நெற்றியில் கைக்குட்டை வைத்து அழுத்தியிருந்தாள். குழந்தை விசும்பியது. விசும்புகிறது, உயிரோடிருக்கிறது. புயல் ஸ்கூட்டரை விட்டு இறங்கினான்.

"ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சுடா," என்றாள் அக்கா. "இவரு பாறைப் பக்கம் இழுத்துட்டாரு. அந்தப் பக்கம் போயிருந்தா..."

மாமா திறந்த பானட்டுக்கு முன்னால் நின்றிருந்தார். விரலில் தொட்டு மோந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தவர் பார்வை இவன் சட்டைக்குள் துருத்திய பாட்டிலில் நின்றது.

"நீயா?"

"ஆமா மாமா. ஸ்டீயரிங் முனகிச்சு. இடது மூலைல இருந்து எடுத்து ஊத்தினேன்."

அக்கா மெதுவாகத் திரும்பினாள். குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"போன் பண்ணியே, அப்பவே தெரியுமா உனக்கு?" என்றார் மாமா.

"தெரியும்."

"நான் எடுத்தேனேடா. வாய்க்குள்ள என்ன இருந்துச்சு?"

மாமா கையை நீட்டினார். பாட்டிலைக் கொடுத்தான். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். சரியான ஆயில்தான். மூடினார்.

"ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வேணாம்னிருப்பீங்க."

மாமா ஆயில் கோட்டைப் பார்த்தார். அது குழந்தையின் ஒற்றைச் செருப்பைத் தொட்டுவிட்டிருந்தது. குனிந்து செருப்பை எடுத்து, தன் வேட்டியிலேயே துடைத்தார்.

"ஆமா," என்றார். "வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

இழுவை வண்டி வரும்வரை புயல் ஸ்கூட்டரை வளைவில் குறுக்கே நிறுத்தி, கீழேயிருந்து வரும் வண்டிகளைக் கைகாட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தான். அக்கா ஒருமுறைகூட அவன் பக்கம் திரும்பவில்லை.