பிரவீனா அழுத்தாத பொத்தான்

விஜயதசமியன்று காலை பத்தே முக்காலுக்கு, நாமக்கல் வட்டாரத்தில் ஆயிரத்து இருநூற்று முப்பது தம்பதிகள் ஒருவரையொருவர் யாரென்று தெரியாமல் திருதிருவென விழித்தார்கள். முட்டை விலையில் அன்று மாற்றம் இல்லை. பரமத்தியில் ஒருத்தி, தன் வீட்டுக் கண்ணாடி முன் சவரம் செய்துகொண்டிருந்த ஆளைப் பார்த்துக் கூச்சல் போட்டாள். ராசிபுரத்தில் ஒருவர் தனக்கு இட்லி வைத்த பெண்ணிடம், "ஏனுங்க, இது யாரு ஊடுங்க?" என்று பணிவாகக் கேட்டார். ஆறு வருடமாக ஓயாமல் சண்டை போட்ட ஒரு ஜோடி அன்றைக்குத்தான் முதன்முதலாக வாங்க போங்க போட்டுப் பேசிக்கொண்டது. பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும் இருவரையும் தெரிந்திருந்தது. ஆனால் குழந்தைகள் சொல்வதை யார் கேட்கிறார்கள்? காவல் நிலையத்துக்கு ஓடியவர்களை, எந்தப் பிரிவில் எழுதுவது என்று புரியாமல், உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

இத்தனை ஜோடிகளையும் சேர்த்து வைத்தது ஒரே இடம், காளியண்ணன் நடத்திய திருமணத் தகவல் மையம். தப்பும் அவருடையதுதான். மனிதர் பக்திமான். முந்தின நாள் ஆயுத பூசைக்குக் கம்ப்யூட்டர் மேல் சந்தனத்தை அள்ளி அப்பியதில், காற்றுப் போகிற ஓட்டைகளெல்லாம் அடைபட்டுவிட்டன. பூசைக்கு வைத்ததை அன்று தொடக்கூடாது என்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை. மறுநாள் பிரவீனா அதைப் போட்டதும் உள்ளே கொதித்தது. டிஸ்க் ஒருமுறை க்ரீச்சென்று கத்திவிட்டு உயிரை விட்டது. அதிலிருந்த பெயர்களோடு, அந்தப் பெயர்களுக்கு உரியவர்களின் கல்யாண நினைவும் போயிற்று.

பிரவீனாதான் அங்கே பதிவு போடுகிற பெண். ஆயிரத்து இருநூற்று முப்பதில் அவளும் ஒருத்தி. கழுத்தில் தாலி புதுமஞ்சள் மாறாமல் கிடந்தது, கட்டியது யாரென்று தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அடுப்படியில் ஒரு ஆள் முட்டை உடைத்துக்கொண்டிருந்தான். பெயர் தமிழரசு, கோழித் தீவன மில்லில் வேலை என்று அவனே சொன்னான். சுவரில் கல்யாணப் படம் தொங்கியது. இருவரும் அதன் முன்னால் போய் நின்றார்கள்.

"இது நானுங்க" என்றான் அவன்.

"பக்கத்துல இருக்கறது நாந்தானுங்க போல" என்றாள் பிரவீனா.

ஒன்பது நாள் ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் மாதிரி இருந்தார்கள். அவன் மிளகு போட்டு முட்டை வறுத்துப் பெரிய பங்கை அவளுக்கு ஒதுக்கி வைப்பான். மில்லுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, வாடகை வீட்டுக்கார அம்மாவிடம் சொல்வதுபோல் "வாரேனுங்க" என்பான். ஐந்தாம் நாள் அவனுடைய வண்டிச் சத்தத்துக்குத் தன் காது காத்திருப்பதைப் பிரவீனா கண்டுகொண்டாள். பிடித்துப் போய்விட்டது, அவ்வளவுதான். தாலி கட்டியவனையே புதிதாகப் பிடித்துப் போவது நியாயமா அநியாயமா என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

பத்தாம் நாள், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய் மண்டிக்கு மேல் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அன்பு வந்தான். வந்தவன் தும்மி முடித்துவிட்டுப் பார்த்ததில் இரண்டு பொருள்கள் தப்பியிருந்தன. ஒன்று, ஆடிப்பெருக்கன்று தனியாக எடுத்து வைத்த பதிவுகளின் நகல். இன்னொன்று, கம்ப்யூட்டரின் பின்னால் செருகியிருந்த கட்டைவிரல் அளவு பென் டிரைவ். நடக்கிற வேலையையெல்லாம் அது வரிவரியாகக் குறித்து வைத்திருந்தது. காளியண்ணன் அதை ஒரு ஆயுதமாகவே மதிக்காததால் சந்தனத்துக்குத் தப்பியது. நகலை ஏற்றிவிட்டு, அதற்கப்புறம் நடந்ததை அந்த வரிகளின்படி வரிசை மாறாமல் திரும்பச் செய்தால் போதும் என்றான் அன்பு.

"உறுதின்னு பொத்தான் அழுத்துனதெல்லாம் வந்துருமுங்க. அழுத்தாம பாதியில உட்டது மட்டும், நடக்கவே நடக்காத மாதிரி போயிரும்."

பிரவீனா எல்லா வரிகளையும் பார்த்தாள். பாதியில் விட்டது ஒன்றே ஒன்று, அவளுடையது. மேசை மேலிருந்த தமிழ் வருட நாள்காட்டியில் காரணம் அவள் கையெழுத்திலேயே இருந்தது. கல்யாணம் ஆவணியில். அலுவலக வேலையில் நாள் ஓடி, புரட்டாசி பிறந்துவிட்டது. கல்யாணக் காரியத்துக்கு ஆகாத மாதம் என்று, தன் பதிவை உறுதி செய்ய விஜயதசமி நல்ல நேரத்தைப் பார்த்து வட்டம் போட்டிருந்தாள். ஊர்ப் பதிவையெல்லாம் நேரம் பார்க்காமல் அழுத்தியவள் தன்னுடையதற்கு மட்டும் நேரம் பார்த்தாள். அந்தப் பத்தே முக்காலுக்குத்தான் டிஸ்க் செத்தது.

"இப்ப அழுத்துனா ஆகாதுங்களா?"

"செத்ததுல எப்படீங்க எழுதறது? நடுவுல பொய்யா ஒரு வரியச் சொருகுனா, அப்பறம் ஒண்ணுகூட நிக்காதுங்க."

மறுத்துவிடலாம். அவள் சரியென்றால்தான் அன்பு தொடுவான். ஆனால் எதிர்ப் பெஞ்சில் சங்ககிரி லாரி டிரைவரின் மனைவி கலைமணி, பத்து நாளாகக் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். "அந்த மனுசன் யாருன்னு எனக்கு நெனப்பு வர வெய்யி சாமி" என்பது தவிர அவளிடம் வேறு பேச்சில்லை. பிரவீனா ஒரு நாள் தவணை கேட்டு வாங்கினாள். மறுநாள் காலை தமிழரசு வழக்கம்போல் "வாரேனுங்க" என்றபோது, "வாங்க, மறுபடியும் வாங்க" என்று அழுதாள். அவன் ஒன்றும் விளங்காமல் தலையாட்டிவிட்டுப் போனான். அவள் மையத்துக்கு வந்து, நாள்காட்டியின் தை மாதத் தாளில் 'நேரம் பார்க்காதே' என்று எழுதிவிட்டு, அன்புவைப் பார்த்துச் சரியென்றாள்.

மதியத்துக்குள் ஆயிரத்து இருநூற்று இருபத்தொன்பது ஜோடிகளுக்கு நினைவு வந்தது. சண்டைக்கார ஜோடி விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. கலைமணி போனில் புருசனைத் திட்டிக்கொண்டே சிரித்தாள். பிரவீனாவின் கழுத்தில் தாலி இல்லை. இருந்ததென்று அவளுக்கும் தெரியாது. கண் ஏன் வீங்கியிருக்கிறது என்று யோசித்தபடி அப்பா வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

கார்த்திகையில் ஒருநாள் தீவன மில்லிலிருந்து ஒரு ஆள் ஜாதக நகலோடு பெண் பார்க்கப் பதிய வந்தான். பெயர் தமிழரசு என்றான். முகவரியைக் கேட்கவேண்டும் என்று நிமிர்ந்த பிரவீனா, அதைத் தான் ஏற்கெனவே அடித்து முடித்திருப்பதைப் பார்த்தாள். அவனும் எட்டி அந்த வரியைப் படித்தான். பிறகு அவன், பெண் வேறெங்கும் தேட வேண்டாமுங்க என்றான்.

தை மாதத் திங்கட்கிழமை ஏழு மணிக்குத் தாலி கட்டினான். எத்தனை இலை என்று கேட்காமலே சமையல்காரர் சரியாகச் சமைத்திருந்தார். வந்தவர்களில் பாதிப் பேர் இதே பந்தியில் முன்பும் உட்கார்ந்த மாதிரி இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டே பாயசம் குடித்தார்கள். ஏழரை ஆனதும் பிரவீனா மாலையோடு மணமேடையிலேயே மடிக்கணினியில் தன் பதிவைத் திறந்தாள். நாள்காட்டியில் 'நேரம் பார்க்காதே' என்று யார் எதற்காக எழுதியது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது, கையெழுத்து மட்டும் தன்னுடையது.

"அம்மணி, ராகு காலம் பொறந்துருச்சு!" என்று காளியண்ணன் பந்தியிலிருந்து கத்தினார்.

"பொறக்கட்டுங்க" என்று பிரவீனா 'உறுதி' பொத்தானை அழுத்தினாள்.