நாற்பத்தோரு அடைக்கலமேரிகள்

ஆவூர்க்காரர்கள் ஆயிரத்து இருநூறு பேரும், ஆடு மாடு, பெரிய கோயில் மணி உட்பட, போன தேர்த் திருவிழாவிலிருந்து ஒரு கால்குலேட்டருக்குள் குடியிருக்கிறார்கள். இன்னும் ஒரு கல்யாணம் நடத்த உள்ளே இடம் கிடக்கிறது.

கணக்கு டீச்சர் நான்சிக்கு அண்ணன் கனடாவிலிருந்து அனுப்பிய கால்குலேட்டர் அது. வரைபடமெல்லாம் போடும், மெமரிதான் இருபத்துநாலே கிலோபைட். தேர்வடம் பிடிக்க யார் முறை எப்போது என்று சொல்லும் புரோகிராமுக்காக ஊரார் பெயர்களை ஏற்றினாள். பெயரோடு ஆளும் உள்ளே போக, இடம் கொள்ளவில்லை. சுருக்க வேண்டியதாயிற்று. முதலில், அடுத்தடுத்து வரும் ஒரே எழுத்தை எண்ணி வைக்கும் முறை. பெயர்களில் ஒரே எழுத்து எங்கே வரிசையாக நிற்கிறது? எழுத்துக்கு எழுத்து 'ஒன்று, ஒன்று' என்று எண் ஒட்டிக்கொண்டு பட்டியல் இரட்டிப்பானது. உள்ளே மேலத்தெருவும் அன்று இரட்டிப்பாய் நீண்டது. குழாயடிக்குப் போனவர்கள் கட்டுச்சோறு கொண்டு போனார்கள். அடுத்து, அடிக்கடி வரும் எழுத்துக்குக் குட்டிக் குறியீடு கொடுக்கும் முறை. பட்டியல் இளைத்தது, அதைப் பிரிக்கிற புரோகிராமே மிச்ச இடத்தைத் தின்றது. பிரிக்க நேரமும் பிடித்ததால், காலையில் கூப்பிட்டவருக்குச் சாயங்காலம்தான் பதில் கிடைத்தது. மூன்றாவது, ஒரு பெயரை ஒரே தடவை எழுதிவிட்டு, மறுபடி வந்தால் 'மேலே பார்க்க' என்று குறி போடுவது. பிள்ளை பிறந்தால் மாதா பெயரையே வைக்கிற ஊருக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. ஆனால் நாற்பத்தோரு அடைக்கலமேரிகளில் கீழத்தெரு கோழிப்பண்ணைக்காரி மட்டுமே முழுசாக நின்றாள். மற்ற நாற்பது வாயிலும் அவள் பேச்சே வந்தது.

மேலத்தெரு அடைக்கலமேரிக்குக் கத்தாரிலிருக்கும் மகன் லியோ வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் வருவான். அந்த அரைமணிக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் அவள் ஓட்டுவது.

"அம்மா, முட்டிவலி தேவலையா?"

"வெள்ளைக்கோழி ரெண்டு நாளா முட்டையிடல."

"நம்மகிட்ட ஏதும்மா கோழி?"

"தவிடு தீந்துபோச்சு."

பெற்ற பிள்ளையோடு பேச ஊரான் வீட்டு வாயா? நான்சி வீட்டுக்குப் போய் ஏசலாமென்றால் தவிட்டுச் சமாச்சாரமே வந்தது. கால்குலேட்டரைப் பிடுங்கி, முதல் பெயரைக் காட்டி, தன் நெஞ்சில் தட்டி, மேசையில் விட்டாள் ஒரு குத்து.

"ஒடச்சிராதீங்க அத்தை! ஒங்களையே மொதல்ல வைக்கிறேன்," என்று நான்சி பட்டியலை மாற்றினாள். மறுநாள் மற்ற நாற்பது பேரும் வந்து ஆளுக்கொரு குத்து விட்டதில் மேசை போயிற்று. கடைசியில் வடம் பிடிப்பதைப் போலவே முறை வைத்தார்கள்: நாளொன்றுக்கு ஆளுக்கு அரைமணி முதலிடம். லியோ வரும் அரைமணி மேலத்தெருக்காரிக்கு.

அடுத்த வெள்ளியன்று அவள் எல்லாவற்றையும் மகனிடம் சொன்னாள். லியோ விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏம்மா, கதை விட ஒரு அளவு வேணாமா?"

போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் தெருவில் இறங்கினாள். வாசலுக்கு வாசல், துணி காயப்போட்டபடியும் மீன் அலசியபடியும் அடைக்கலமேரிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெத்தவ பொய்யாடா சொல்றேன், எடுபட்ட பயலே?" என்றார்கள் நாற்பத்தோரு பேரும். "மொதல்ல சாப்பிட்டியா, அதைச் சொல்லு!"

லியோ போனைக் கிட்டே கொண்டுபோய் ஒவ்வொரு வாயாகப் பார்த்தான்.

"நடந்துருக்கும்மா," என்றான். "நெசமாவே நடந்துருக்கு. நான் சாப்பிட்டேன்னு எல்லாருக்கும் சொல்லிருங்க."